கைக்கடக்கக் கேமரா: எதை விட்டால் எது கிடைக்கும்

கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கண் வைப்பது எடைக் கணக்கில். அந்தக் கணக்கு பெரும்பாலும் பாடிக்கு மட்டும் போட்டது. சோனி 2020இல் ஏ7சி கேமராவைக் கொண்டுவந்தபோது, ஃபுல் ஃப்ரேம் சென்சார் வைத்தும் எடை 509 கிராம்தான் என்பதே பெரிய பேச்சாக இருந்தது. அதே சோனியின் 24–70 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் லென்ஸின் முதல் பதிப்பு தனியாகவே 886 கிராம். இரண்டையும் சேர்த்து மாட்டினால் கிட்டத்தட்ட 1.4 கிலோ. ஒரு நாள் தோளில் தொங்கவிட்டுத் திரியலாம். தினமும் யாராலும் முடியாது.

அன்றாடக் கேமரா என்று நான் சொல்வது, ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும் கேமராவை. படம் எடுக்கும் எண்ணமே இல்லாமல் கிளம்பிய நாளிலும் கூடவே வரவேண்டும். கல்யாணம் எடுப்பவர்களின் கணக்கும் பறவை எடுப்பவர்களின் கணக்கும் வேறு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா சின்னதாக வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். சென்சார் அளவில் விட்டுக்கொடுக்கலாம், ஜூமை விட்டுக்கொடுக்கலாம். வியூஃபைண்டரையும் கைப்பிடியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடையிலும் யூடியூபிலும் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதற்கு நேரெதிராக இருக்கிறது: பெரிய சென்சார், சின்னப் பாடி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, எங்கே இளைத்தது, எங்கே இளைக்கவில்லை என்று பார்ப்போம். பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்து நின்று, வெளிச்சத்தை மேலே இருக்கும் பிரிசத்துக்குத் திருப்பிவிடும். படம் எடுக்கும் கணத்தில் அது மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் வேண்டும். அதனால் நிக்கான் எஃப் மவுண்டில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் 46.5 மி.மீ. தூரம் இருந்தது, கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. கண்ணாடியை எடுத்த பிறகு நிக்கான் இசட் மவுண்டில் இது 16 மி.மீ. ஆனது, சோனியில் 18, கேனான் ஆர்எஃப்பில் 20. பாடியின் தடிமன் குறைய வழி பிறந்தது. தலைமேல் இருந்த பிரிசமும் போனது.

லென்ஸ் கதை வேறு. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 திறக்க வேண்டுமென்றால் வெளிச்சம் நுழையும் வாய் 71 மி.மீ. அகலம் இருந்தே ஆகவேண்டும், 200ஐ 2.8ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது. கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. மிரர்லெஸ் உண்மையில் கைகொடுப்பது அகலக் கோணத்திலும், மனிதப் பார்வைக்குப் பக்கத்தில் உள்ள கோணங்களிலும்தான். லென்ஸின் கடைசிக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரலாம் என்பதால், இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத பேன்கேக் லென்ஸ்கள் செய்வது எளிதானது. பானசோனிக் 2009இல் கொண்டுவந்த 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸின் எடை வெறும் 100 கிராம். இன்றும் பழைய சந்தையில் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறையை அறிவித்தன; அதே ஆண்டு அதன் முதல் கேமராவாக பானசோனிக் ஜி1 வந்தது. அந்த நாளிலிருந்தே லென்ஸின் வளைவுக் குறையைச் சாஃப்ட்வேர் சரிசெய்வது அந்த முறையின் பகுதியாகிவிட்டது. நேர்கோடு பீப்பாய் மாதிரி வீங்குவதைக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கிச் சரிசெய்தால் லென்ஸ் கனக்கும். கணக்குப்போட்டுச் சரிசெய்தால் இளைக்கும். வியூஃபைண்டரில் தெரிவதே திருத்திய படம் என்பதால் எடுப்பவருக்கு எதுவும் தெரியாது. எஸ்எல்ஆரில் கண்ணுக்கு நேராக லென்ஸ் காட்டுவதுதான் தெரியும், அங்கே இந்த வேலை நடக்காது. திருத்தும்போது ஓரங்கள் கொஞ்சம் இழுபடும், கூர்மை கொஞ்சம் போகும். சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். 70 கிராம் ஜூம் லென்ஸ் வேண்டுமென்றால் இதுதான் வழி, அதை நான் மனமார ஏற்கிறேன்.

சென்சார் விவகாரத்துக்கு வருவோம், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 370, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும், இரவில் புள்ளிகள் குறையும் என்பது உண்மை. ஆனால் பிடிப்பது சென்சார் மட்டுமல்ல; அதற்கு வெளிச்சத்தை ஊற்றுவது லென்ஸ்.

ராத்திரி எட்டு மணி, ஒற்றை டியூப் லைட் எரியும் ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் டீயை ஆற்றுகிறார். அந்தக் கை ஓரளவுக்காவது நிற்க வேண்டுமென்றால் 1/100 நொடியாவது வேண்டும். ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 பாடியில் 17 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டி, எஃப் 2இல் வைத்தால் ஐஎஸ்ஓ 1600 போதும். ஏ7சியில் அதனுடன் வரும் 28–60 கிட் லென்ஸ் எஃப் 4க்கு மேல் திறக்காது. அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டியிருக்கும். பெரிய சென்சார் கொடுக்கும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்ச லாபத்தைச் சோகையான லென்ஸ் அப்படியே தின்றுவிடும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். எடையோ ஒலிம்பஸ் ஜோடி 503 கிராம், சோனி ஜோடி 676 கிராம். விலை வித்தியாசம் இன்னும் பெரிது. நியாயமாகச் சொன்னால், சோனியில் கிட் லென்ஸை ஒதுக்கிவிட்டு 120 கிராம் எடையுள்ள 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை மாட்டினால் அது ஒரு ஸ்டாப் முந்தும், மொத்தம் 629 கிராமில். அந்த ஒரு ஸ்டாப்புக்காக அவ்வளவு செலவு தகுமா என்பதுதான் கேள்வி. அன்றாடத்துக்குத் தகாது என்பது என் பதில்.

சென்சார் சின்னதென்று வருந்துகிறவர்கள் லைக்காவின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலைபார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடு போடும் கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு மலையேற அவரால் முடியவில்லை. சினிமா ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு 24×36 மி.மீ. படம் எடுக்கும் கருவியை 1913–14 வாக்கில் அவர் செய்தார். 1925இல் அது விற்பனைக்கு வந்தது. தகடுகளில் பழகிய கண்களுக்கு அந்த நெகட்டிவ் பொடிசு. அதே அளவைத்தான் இன்று பெரியது, முழுமையானது என்று கொண்டாடுகிறோம்.

இனி, விடக் கூடாத இரண்டு. முதலில் வியூஃபைண்டர். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் நின்று பின்திரையைப் பார்த்தால் உங்கள் முகமும் பனியனும்தான் தெரியும். எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் விரலை அழுத்தி, வீட்டுக்கு வந்து பார்த்தால் அடிவானம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதி முதுகு இருக்கும். ஐரோப்பிய மேகமூட்டத்தில் கேமராவைச் சோதிப்பவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தோன்றாமல் போகலாம். நம் வெயிலில் வியூஃபைண்டர் ஆடம்பரமில்லை. கண்ணில் ஒட்டி வைத்தால் கேமராவுக்கு நெற்றியும் ஒரு தாங்குதூண்; கை நடுக்கம் குறையும். முக்கியமாக, சுற்றியிருப்பதெல்லாம் மறைந்து சட்டகம் மட்டும் மிஞ்சும். போனில் கிடைக்காதது இதுதான். கேமரா வாங்கியும் அது இல்லையென்றால் பின் எதற்குக் கேமரா?

அடுத்தது பிடி. மிகச் சின்னப் பாடி கடையில் பார்க்க அழகாக இருக்கும். நடுவிரலும் மோதிரவிரலும் எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பது வீட்டுக்கு வந்த பிறகு. ஒற்றைக் கையில் பிடித்தபடி இன்னொரு கையில் குடையோ குழந்தையோ இருக்கும் நேரம்தான் அன்றாடம். அப்போது கட்டைவிரல் ஊன்ற ஒரு மேடும், தடவிப் பார்த்தே திருப்பக்கூடிய இரண்டு சக்கரங்களும் இருந்தால் படம் கிடைக்கும். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருந்தால் போய்விடும்.

சின்னதாக்கும் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பானசோனிக் 2013இல் விட்ட ஜிஎம்1 நல்ல சாட்சி. பேட்டரியோடு 204 கிராம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரைச் சுற்றி வெளிச்சுவர் எழுப்பியதோடு நிறுத்திவிட்டதுபோல் இருக்கும். அந்தச் சின்ன வயிற்றுக்குள் வழக்கமான ஷட்டரை அடக்க முடியவில்லை. வைத்த சின்ன ஷட்டரால் 1/500 நொடிக்கு மேல் ஓட முடியாது. அதைத் தாண்டினால் எலெக்ட்ரானிக் ஷட்டர். பகல் வெயிலில் எஃப் 1.7 திறந்து எடுக்க நினைத்தால் ஐஎஸ்ஓ 200இல்கூட 1/16000 நொடிக்குப் பக்கத்தில் போகவேண்டும். ஆக நம் ஊர்ப் பகல் முழுக்க எலெக்ட்ரானிக் ஷட்டர்தான். அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். படத்தில் பஸ் சாய்ந்து நிற்கும். வியூஃபைண்டரும் கிடையாது. 2014இல் வந்த ஜிஎம்5இல் ஒன்றைப் பொருத்தினார்கள், பொடிசாக. அந்த வரிசை அதோடு சரி.

எலெக்ட்ரானிக் ஷட்டரின் இன்னொரு தொல்லை மண்டபங்களில் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 1/500 வைத்தால் மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் எந்தக் கணக்கிலும் அடங்காமல் துடிக்கும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராவின் அருமை தெரியும்.

பேட்டரியைப் பற்றி மக்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ரிக்கோ ஜிஆர் 3 ஒரு சார்ஜுக்கு 200 படம், நிக்கானின் பழைய எஸ்எல்ஆர் டி3500 1,550 படம் என்று சோதனைக் கணக்கு சொல்கிறது. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஆபீஸ் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு இருநூறு படம் எடுப்பதில்லை. ஜிஆர் 3ஐ போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். சூடு அப்படியல்ல. சின்னப் பாடிக்குள் வெப்பம் வெளியேற வழி குறைவு. கத்திரி வெயிலில் 4கே வீடியோ தொடர்ந்து எடுக்க நினைப்பவர்கள் கைக்கடக்கக் கேமராவை நம்ப வேண்டாம்.

போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபாவின் கணக்கில் 2010இல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே. சின்னதும் மலிவானதும் முதலில் அடிபட்டன. 2011இல் வந்த நிக்கான் 1 வரிசை 2018இல் நின்றது. 2012இல் வந்த கேனான் இஓஎஸ் எம் வரிசைக்கும் அதே கதி. போன் ஒரு அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது; அசையாத காட்சியில் அது செய்யும் வேலை அபாரம், மறுக்க மாட்டேன். கோபுரம், சாப்பாட்டுத் தட்டு, குடும்பம் வரிசையாக நிற்கும் படம் எல்லாவற்றுக்கும் போன் போதும். எடுத்த மறுநொடியே அனுப்பலாம். கேமராவிலிருந்து போனுக்குப் படத்தை மாற்றும் செயலிகள் இன்னும் பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனால் விளக்கு மங்கிய அறையில் பேத்தி கைதட்டிக்கொண்டு ஓடிவரும்போது போன் சேர்த்துத் தரும் படத்தில் விரல்கள் மெழுகாக உருகியிருக்கும். முகத்தோல் பீங்கானாகிவிடும். பெரிய அளவில் பிரின்ட் போட்டு மாட்டினால் அது பளிச்சென்று தெரியும். வீட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அந்தப் படங்களைத்தான்.

தெருவில் கேமராவின் அளவு இன்னொரு வேலையும் செய்கிறது. நீட்டிய வெள்ளை லென்ஸோடு மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் "எந்த சேனல் சார்?" என்று கேட்பார்கள், அதற்குள் எல்லோரும் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். கையடக்கக் கேமராவுக்கு அதிகபட்சம் "பேப்பர்ல வருமாண்ணே?" என்ற கேள்வி, ஒரு சிரிப்பு, பிறகு அவரவர் வேலை. சின்னதாக இருப்பது அனுமதி ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஒளித்து எடுக்க வசதி என்பதற்காக இதை வாங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்டு எடுக்கும்போது எதிரில் இருப்பவர் மிரளாமல் இருப்பதுதான் இதன் பயன்.

சின்னக் கேமராவின் அருமையைச் சந்தை தாமதமாகப் புரிந்துகொண்டது. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி 2020இல் வந்த கேமரா. 2022 வாக்கில் டிக்டாக்கில் பிரபலமாகி எங்கும் கிடைக்காமல் போனது, பழையது புதியதைவிட அதிக விலைக்கு விற்றது. 2024இல் வந்த அதன் அடுத்த மாடலுக்கு அமெரிக்காவில் 1,599 டாலர் விலை வைத்தார்கள். 521 கிராம், கழற்ற முடியாத 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ், வியூஃபைண்டர், ஏறக்குறைய சத்தமே இல்லாத லீஃப் ஷட்டர், வெயிலுக்கு உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர். ஜிஎம்1 பகலில் தடுமாறிய இடத்தை இது யோசித்துத் தாண்டியிருக்கிறது. நல்ல கேமராதான், ஆனால் அந்த விலையில் பாதி, ஆசையைக் காசாக்கியது. 257 கிராம் ஜிஆர் 3 பேன்ட் பாக்கெட்டிலேயே போகும், படத்தின் கூர்மையும் பிரமாதம். வியூஃபைண்டர் இல்லாத ஒரே காரணத்தால் நான் அதை வாங்கச் சொல்வதில்லை.

லென்ஸ் மாற்றும் வகையில் மூன்று ஜோடிகள் என் கண்ணில் நிற்கின்றன. கேனான் ஆர்50 பாடியும் 28 மி.மீ. எஃப் 2.8 பேன்கேக்கும் சேர்ந்து 495 கிராம். ஃபுஜி எக்ஸ்-டி30 இரண்டாம் மாடலும் 27 மி.மீ. லென்ஸும் 462. மேலே சொன்ன ஒலிம்பஸ் ஜோடி 503. மூன்று நிறுவனங்களும் வெவ்வேறு வழியில் வந்து அரை கிலோவில் சந்திக்கின்றன. வியூஃபைண்டர், பிடி, ஓரளவு திறக்கும் லென்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு இதற்குக் கீழே இறங்குவது கடினம். ஓடும் பிள்ளைகளை எடுக்கிறவர்களுக்கு கேனான். அதன் ஆட்டோஃபோகஸ் கண்ணைப் பிடித்தால் விடாது. ஒலிம்பஸ் அந்த விஷயத்தில் பின்தங்கும், ஆனால் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. அசையாத இரவுத் தெருவைக் கையில் பிடித்தபடியே 1/8 நொடியில் எடுக்கலாம். மற்ற இரண்டில் அந்த வசதி இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறம் திருத்தப் பிடிக்காதவர்களுக்கு ஃபுஜி. மூன்றுமே மழையில் நனையக் கூடாதவை.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மழையைவிடப் பெரிய பகை காற்றின் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில்தான் அது சீக்கிரம் வரும். தினமும் வெளியே எடுக்கும் கேமரா பெரும்பாலும் தப்பிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே பாதிக் கவலை தீரும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும்.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பழையதைத் தயங்காமல் பார்க்கலாம். கடையிலேயே எஃப் ஸ்டாப்பை 16 அல்லது 22இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். அது துடைத்தால் போய்விடும், விலையைக் குறைக்கக் கேட்கலாம். பிறகு லென்ஸைக் கழற்றி, முழுக்கத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நூல்நூலாகக் கிளைத்து ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பில்லையும் பாடியின் அடியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் வந்த வெளிநாட்டுச் சரக்கை இங்குள்ள சர்வீஸ் சென்டர் வாரன்ட்டியில் எடுக்காது.